அத்தாவின் பேனாக்கத்தி

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகையை முடித்துக்கொண்டு வீடு திரும்பினேன். திண்ணையில் வேப்பங்குச்சியின் சீவல்கள் சிதறிக் கிடந்தன. அவற்றின் நடுவே சில இரத்தத் துளிகள். உள்ளே என் இளைய மகன் இடக்கை ஆள்காட்டி விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு அமர்ந்திருந்தான். அவனுக்கு அப்போது 12 வயது. சவரம் செய்யும் பிளேடை இரண்டாக முறித்து, அதில் ஒரு பாதியைக் கொண்டு குச்சியைச் சீவியிருக்கிறான். பிளேடு வழுக்கி விரலைப் பதம் பார்த்துவிட்டது.

மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். இரண்டு தையல் போட்டார். வீடு வந்ததும் என் மனைவி, வீட்டிலிருந்த பிளேடுகளை எல்லாம் பொறுக்கி எடுத்துப் பரண்மேல் வைத்துவிட்டாள். இரவு இஷாத் தொழுகைக்குப் பிறகு மகன் என் அருகில் வந்து அமர்ந்தான். "அத்தா, பிளேடுக்குப் பிடி இல்லை. அதனால்தான் வழுக்கியது. எனக்கு நல்ல மடக்குக் கத்தியாக ஒன்று வாங்கிக் கொடுங்களேன்" என்றான்.

அவன் சொன்னதில் தவறு ஏதும் இல்லை. பிடியில்லாத பிளேடைவிடப் பிடியுள்ள கத்தி பாதுகாப்பானது என்பதைக் குழந்தையும் அறியும். எனினும் என்னால் உடனே விடை சொல்ல இயலவில்லை. "பார்க்கலாம்" என்று மட்டும் கூறி அவனை உறங்க அனுப்பினேன். என் நாவைக் கட்டிப்போட்டது அவனுடைய காயமன்று. அவன் பிறப்பதற்கு முன்பே என் உள்ளத்தில் ஏற்பட்டிருந்த வேறொரு காயம்.

எங்கள் களம்பூர், ஆரணிப் பட்டு நெய்யும் ஊர்களுள் ஒன்று. ஒரு தெருவில் தறியோசை கேட்கும். மறு தெருவில் அரிசி ஆலையின் தவிட்டு மணம் வீசும். 'ஆரணி ரோடு' என்னும் பெயர் கொண்ட இரயில் நிலையம் இருப்பது எங்கள் ஊரில்தான். மர்ஹூம் என் அத்தா இங்கே ஓர் அரிசி ஆலையில் கணக்கெழுதி வந்தார். மாலை நேரங்களில் பள்ளிவாசல் மக்தபில் சிறுவர்களுக்கு ஓதிக் கொடுத்தார். அவருடைய சட்டைப் பையில் இரண்டு பொருள்கள் எப்போதும் இருக்கும். ஒன்று தஸ்பீஹ் மணி. மற்றொன்று பேனாக்கத்தி.

அந்தக் கத்தியை அவர் 1974 ஆம் ஆண்டு, ஆலை வேலையாகச் சென்னைக்குப் போயிருந்தபோது மூர் மார்க்கெட்டில் வாங்கினார். 1985 ஆம் ஆண்டு மே மாதம் தீக்கிரையான அந்த அங்காடியில் பழைய புத்தகம் முதல் பழைய கடிகாரம் வரை கிடைக்காத பொருள் இல்லை என்பார்கள். கத்தி, இங்கிலாந்து நாட்டின் ஷெஃபீல்டு நகரத்தில் ஜோசப் ராட்ஜர்ஸ் நிறுவனம் செய்தது. நட்சத்திரமும் சிலுவையும் பொறித்த அதன் முத்திரை அலகின் அடிப்பகுதியில் தெளிவாகத் தெரியும். மடக்கினால் உள்ளங்கைக்குள் அடங்கும். விரித்தால் மூன்று அலகுகள்.

மூன்று அலகுகள் எதற்கு? சிறுவனாக இருந்தபோது நானும் இதே கேள்வியைக் கேட்டேன். அத்தா வாயால் விடை சொல்லவில்லை. ஒரு கொறுக்கைத் தட்டையை எடுத்து, அரபி எழுத்து எழுதும் கலம் ஒன்றைச் சீவிக் காட்டினார். பெரிய அலகைக் கொண்டு தட்டையின் நுனியை நீண்ட சரிவாகச் சீவினார். சிறிய கூர்முனை அலகால் இரு பக்கத் தோள்களையும் குடைந்து ஒடுக்கினார். நுனியின் நடுவே மை இறங்குவதற்கு ஒரு கீறல் இட்டார். இறுதியில், வாய்ப்பகுதி வளைவின்றி நேராக இருக்கும் மூன்றாவது அலகை நுனியின்மீது சாய்வாக வைத்து ஒரே அழுத்தில் 'டக்'கென்று நறுக்கினார். அந்த நறுக்கின் சாய்வில்தான் எழுத்தின் தடிப்பும் மெலிவும் பிறக்கின்றன. ஒவ்வோர் அலகுக்கும் ஒரு வேலை உண்டு. ஒன்றன் வேலையை மற்றொன்று செய்யாது. பறவை இறகையும் நாணலையும் சீவி எழுதிய காலத்தில் பிறந்ததால்தான் அதற்குப் பேனாக்கத்தி என்று பெயர் வந்தது என்பதையும் அன்றுதான் அறிந்தேன்.

எதிர்வீட்டில் தறி நெய்த மாமாவுக்கும் அந்தக் கத்தி பழக்கம். அவர் இந்துச் சகோதரர். நாங்கள் மாமா என்றுதான் அழைப்போம். நாடாவின் விளிம்பில் ஒரு சிறு சிராய் எழுந்துவிட்டால் போதும், பட்டுப் பாவின் மெல்லிய இழைகள் அறுந்து போகும். அப்போதெல்லாம் அவர் நாடாவுடன் எங்கள் திண்ணைக்கு வந்துவிடுவார். "பாய், அந்தக் கத்தியைக் கொஞ்சம் எடுங்க" என்பார். அத்தா கத்தியை மடக்கியே கொடுப்பார். மாமாவும் மடக்கியே திருப்பித் தருவார். உருவிய வாளைக் கைமாற்றுவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள் என்பதை எந்த நூலிலும் படிக்கும் முன்பே நான் அந்தத் திண்ணையில் கண்டு தெரிந்துகொண்டேன்.

பின்னர் நான் வாணியம்பாடி இஸ்லாமியக் கல்லூரியில் வரலாறு படிக்கச் சென்றேன். முதலாண்டில், பென்சில் சீவவும் கலம் செதுக்கவும் உதவும் என்று அத்தா தம் கத்தியை என்னிடம் தந்து அனுப்பினார். 1998 ஆம் ஆண்டு பிப்ரவரி 14 ஆம் நாள் கோயம்புத்தூரில் குண்டுகள் வெடித்தன. அப்பாவி மக்கள் பலர் உயிரிழந்தனர். அதைத் தொடர்ந்து மாநிலமெங்கும் சோதனைகள் நடந்தன. விடுமுறைக்காக ஊர் திரும்பிக்கொண்டிருந்த என்னை, வழியில் ஒரு பேருந்து நிலையத்தில் நிறுத்தினார்கள். தலையில் தொப்பி, முகத்தில் அரும்பு தாடி, பையில் அரபி நூல்கள், சட்டைப் பையில் கத்தி. வேறென்ன வேண்டும்?

ஒரு மணி நேரத்துக்கும் மேலாக ஒரு மர பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். என்னை யாரும் அடிக்கவில்லை. தகாத சொல் எதுவும் சொல்லவில்லை. ஆனால் பேருந்துக்குக் காத்திருந்தவர்கள் என்னைப் பார்த்த பார்வை இன்றும் நினைவில் இருக்கிறது. ஒரு தாய் தன் குழந்தையை இழுத்துத் தன் மறுபக்கம் நிறுத்திக்கொண்டாள். கடைசியில் வயது முதிர்ந்த காவலர் ஒருவர் வந்தார். கத்தியின் மூன்று அலகுகளையும் ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார். மேசைமீது கிடந்த பென்சிலை எடுத்துச் சிறிய அலகால் சீவினார். "நல்ல கத்தி தம்பி. வீட்டிலேயே வெச்சுக்கோ. வெளியே எடுத்துட்டு வராதே" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். அத்தா எதுவும் பேசவில்லை. கத்தியை வாங்கினார், துணியில் சுற்றினார், நிக்காஹ் பத்திரங்களும் நிலப் பத்திரமும் இருக்கும் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். அதன்பிறகு அவருடைய சட்டைப் பையில் நான் அதைப் பார்க்கவே இல்லை. 2011 ஆம் ஆண்டு அவர் அல்லாஹ்வின் அழைப்பை ஏற்றுக்கொண்டார். கத்தி பெட்டிக்குள்ளேயே இருந்தது.

கத்தியே இல்லாமல் குடும்பம் நடத்த முடியுமா? சில ஆண்டுகள் கழித்து, சந்தையில் தரைக்கடை விரித்திருந்த ஒருவரிடம் பளபளப்பான மடக்குக் கத்தி ஒன்றை வாங்கினேன். கத்தரிக்கோல், அரம், புட்டித் திறப்பான், முள்கரண்டி என்று அதில் 11 உறுப்புகள் இருந்தன. விலை மிகக் குறைவு. ஒருநாள் கயிறு ஒன்றை அறுத்துக்கொண்டிருந்தபோது, அலகு தானாக மடங்கி என் வலக்கை விரலில் விழுந்தது. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. எழுதுகோலைப் பிடிக்கும் போதெல்லாம் கண்ணில் படுகிறது. மலிவான கத்தியே எல்லாக் கத்திகளிலும் விலை மிகுந்தது என்பதை நான் கற்ற விதம் அது.

மகன் கேட்ட அன்று இவை அனைத்தும் நினைவுக்கு வந்தன. மறுநாள் காலை, பழைய கத்தி இந்நேரம் துருப்பிடித்து மண்ணாகியிருக்கும் என்று எண்ணிக்கொண்டே தகரப் பெட்டியைத் திறந்தேன். துணியைப் பிரித்தேன். தையல் இயந்திர எண்ணெயின் மணம் வந்தது. அலகுகள் மங்கிய சாம்பல் நிறம் பூத்திருந்தன; ஒரு பொட்டுத் துருவும் இல்லை. விரித்துப் பார்த்தேன். 'டக்' என்ற அதே ஓசை.

வாசற்படியில் நின்றிருந்த அம்மா சொன்னார்: "உங்க அத்தா வருஷா வருஷம் மழைக்காலத்துக்கு முன்னாடி எடுத்துத் துடைச்சு எண்ணெய் போட்டு வைப்பாரு. அவர் மௌத்தானதுக்கு அப்புறம் நான் செய்யுறேன். என்னைக்காவது ஒருநாள் தேவைப்படும்னு சொல்லுவாரு."

என் கண்கள் நனைந்துவிட்டன. அவமானத்தால் அத்தா அந்தக் கத்தியைப் புதைத்துவிட்டார் என்று கால் நூற்றாண்டாக எண்ணிக்கொண்டிருந்தேன். அவரோ அதைக் காத்து வைத்திருந்தார். அன்றே முடிவு செய்தேன்: மகனுக்குக் கத்தி வாங்கித் தருவது, நல்லதாகப் பார்த்து வாங்குவது, அதைப் பயன்படுத்தும் ஒழுங்கையும் சேர்த்துக் கொடுப்பது.

பழைய கத்தியையே அவனிடம் கொடுத்துவிடலாமே என்று சிலர் கேட்கலாம். பல்லாண்டு தீட்டியதால் அதன் பெரிய அலகு தேய்ந்து மெலிந்துவிட்டது. பழகாத கையின் அழுத்தத்தைத் தாங்காது. ஆனால் புதிய கத்தியைத் தேர்ந்தெடுப்பதற்கு அதைவிடச் சிறந்த ஆசான் வேறில்லை. அதை மேசைமீது வைத்துக்கொண்டு, அத்தாவிடம் கேட்டறிந்ததையும், நூல்களில் படித்ததையும், தழும்பு கற்றுத்தந்ததையும் ஒன்றுசேர்த்துப் பார்த்தேன். பிள்ளைக்குக் கத்தி வாங்க எண்ணும் பெற்றோருக்குப் பயன்படும் என்பதால் அவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலாவது, அலகுகளின் எண்ணிக்கை. மரம் சீவுவதற்கு இரண்டு அல்லது மூன்று அலகுகள் போதும். பருமனான கழிவை நீக்கப் பெரியது ஒன்று, நுட்ப வேலைக்குச் சிறியது ஒன்று, நேர்வெட்டுக்கு நேர்வாய் அலகு ஒன்று. மேனாட்டில் மரம் சீவுவோருக்கென்றே உருவான 'விட்லர்' என்னும் கத்தி வகையில், பெரிய அலகு ஒரு முனையிலும் சிறியவை இரண்டும் மறுமுனையிலும் இருக்கும். முதுகில் வில்பட்டைகள் இரண்டு. பெரிய அலகு அவ்விரண்டின்மீதும் சாய்ந்து நிற்பதால் அழுத்திச் சீவும்போது ஆடாது. சிறிய அலகுகளுக்கு ஆளுக்கொரு வில்பட்டை. அத்தாவின் கத்தியும் இந்த அமைப்பே. உறுப்புகள் பெருகப் பெருகக் கத்தி தடித்துக் கைக்குள் உருளும். மரவேலைக்கு அது உதவாது.

இரண்டாவது, வில்பட்டை. இவ்வகை மரபுக் கத்திகளில் பூட்டு கிடையாது. விரிந்த அலகை நிறுத்தி வைப்பது முதுகிலுள்ள வில்பட்டையின் அழுத்தம் மட்டுமே. ஆகவே கடையில் முதலில் செய்யவேண்டியது, அலகை மெல்ல விரித்து மடக்கிப் பார்ப்பதாகும். விரிந்து முடியும் இடத்திலும் மடங்கி முடியும் இடத்திலும் உறுதியான ஓசை கேட்க வேண்டும். நகக்குழியில் நகத்தை வைத்து இழுத்தால் நகம் பெயரும் அளவுக்கு இறுக்கமாகவும் இருக்கக்கூடாது. சிறுவனின் விரல் அதனோடு போராடி வழுக்கிவிடும். தொங்கவிட்டு உதறினால் தானே விரியும் அளவுக்குத் தளர்ந்தும் இருக்கக்கூடாது. என் விரலை வெட்டிய கத்தி இந்த இரண்டாம் வகை.

மூன்றாவது, ஆட்டம். விரிந்த அலகின் நுனியைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். அசைந்தால் வாங்காதீர்கள்; அலகைத் தாங்கும் தறையாணி சரியாக அடிக்கப்படவில்லை என்று பொருள். பின்னர் கத்தியை வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். வில்பட்டைக்கும் உள்தகட்டுக்கும் இடையே ஒளி ஊடுருவினால், அந்த இடுக்கில் நாளை ஈரமும் அழுக்கும் சேரும். மடக்கிய அலகு இருபுறமும் உரசாமல் நடுவில் விழுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

நான்காவது, பிடி. மரம் சீவும் கை ஒரு மணி நேரம் தொடர்ந்து பிடித்திருக்கும். கூரான விளிம்பு ஒன்று இருந்தாலும் கொப்புளம் எழும். மாட்டெலும்பு, எருமைக்கொம்பு, மரம் ஆகியவற்றில் எதுவானாலும் முனைகள் உருண்டு வழவழப்பாக இருத்தல் நலம். பழைய கத்திகளைத் தேடுவோர் யானைத் தந்தப் பிடியையும் மான்கொம்புப் பிடியையும் தவிர்த்துவிட வேண்டும். 1972 ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அத்தகைய வாணிபத்தைத் தடுக்கிறது. மடக்கிய நிலையில் 9 முதல் 10 சென்டிமீட்டர் நீளம் போதுமானது.

ஐந்தாவது, எஃகு. இதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கத்தி எஃகு பொதுவாக இருவகை. ஒன்று கரிமம் மிகுந்த பழைய எஃகு. அது எளிதில் கூராகும். மரத்தில் இழைந்து செல்லும். ஆனால் எலுமிச்சையோ புளியோ பட்டால் கறுக்கும். ஈரத்தில் விட்டால் துருவேறும். மற்றொன்று குரோமியம் கலந்த துருவேறா எஃகு. 1913 ஆம் ஆண்டு ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி என்பவர் அதனை உருவாக்கினார். பராமரிப்பு எளிது, மறதியுள்ள சிறுவனுக்குப் பொருத்தமானது. எந்த எஃகானாலும் அதனைச் சூடேற்றித் தோய்த்துப் பதப்படுத்திய விதமே தரத்தை முடிவு செய்கிறது. பதம் குறைந்தால் வாய் மடங்கும். மிகுந்தால் வாய் உடையும்.

கத்தியைச் செய்தது மேனாடு. ஆனால் நல்ல எஃகுக்கு அந்த மேனாடே ஒருகாலத்தில் நம் மண்ணை நோக்கி வந்திருக்கிறது. தென்னிந்தியாவில் மண்குகைகளில் இரும்பை உருக்கிச் செய்த எஃகை ஐரோப்பியர் 'ஊட்ஸ்' என்றனர். நம் 'உருக்கு' என்னும் சொல்லோடும் கன்னடத்தின் 'உக்கு' என்னும் சொல்லோடும் தொடர்புடைய பெயர் அது என்பர் ஆய்வாளர். ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலிலும், எங்கள் மாவட்டத்துக்குத் தெற்கே பழைய தென்னார்க்காட்டைச் சேர்ந்த மேல்சிறுவளூரிலும் அவ்வாறு எஃகு உருக்கிய தடயங்கள் கிடைத்துள்ளன. 1795 ஆம் ஆண்டு ஜார்ஜ் பியர்சன் என்னும் அறிஞர் இலண்டன் ராயல் சொசைட்டியில் இந்த எஃகைப் பற்றிக் கட்டுரை அளித்தார். அந்த ஆய்வுக்காக ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்னும் கத்திக் கொல்லர் இந்த எஃகில் அடித்துப் பார்த்த பொருள் எது தெரியுமா? ஒரு பேனாக்கத்தி! பிற்காலத்தில் அதே ஸ்டோடார்ட், கருமான் மகனாகப் பிறந்து பெரும் விஞ்ஞானியான மைக்கேல் ஃபாரடேயுடன் சேர்ந்து எஃகுக் கலவைகளை ஆராய்ந்தார்.

அராபியர் அதற்கும் முன்பே நம் எஃகை அறிந்திருந்தனர். இந்திய எஃகில் செய்த வாளுக்கு அவர்கள் மொழியில் 'முஹன்னத்' என்று தனிச்சொல்லே உண்டு. கஅப் இப்னு ஸுஹைர் (ரலி) அவர்களின் கஸீதாவில் அச்சொல் வருவதை ஓதியவர்கள் அறிவார்கள். ஒன்பதாம் நூற்றாண்டு அறிஞர் அல்கிந்தி, வாள்களின் வகைகளைப் பற்றித் தனி நூலே எழுதியிருக்கிறார். இவற்றை என் மாணவர்களுக்குச் சொல்லும்போது அவர்கள் முகம் மலர்வதைக் காண்கிறேன். இரும்பைப் பற்றிப் பேச நமக்கு அச்சம் ஏன்? அதனை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பதைப் பற்றி அல்லவா அஞ்ச வேண்டும்?

இவ்வளவும் ஆராய்ந்தபின் தேர்வு எளிதாயிற்று. ஷெஃபீல்டின் பழைய கத்திகள் கைமாறிக் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் முத்திரையை மட்டும் நம்ப முடியாது, போலிகள் உண்டு. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தின் கேஸ் நிறுவனம் மூன்றலகுக் கத்திகளைப் பழைய மரபில் இன்றும் செய்கிறது. அவற்றின் விலை என் சம்பளத்துக்கு எட்டவில்லை. சுவிட்சர்லாந்தில் கார்ல் எல்சனர் 1884 ஆம் ஆண்டு தொடங்கிய பட்டறைதான் இன்றைய விக்டோரினாக்ஸ். 1891 இல் அந்நாட்டுப் படைவீரர்களுக்கும், 1897 முதல் அதிகாரிகளுக்கெனவும் கத்தி செய்த நிறுவனம் அது. அவர்களுடைய கத்திகளில் உறுப்புகள் குறைந்த மெல்லிய வகை ஒன்று உண்டு. பெரிய அலகு ஒன்று, சிறிய அலகு ஒன்று, மற்றும் சில்லறைக் கருவிகள் இரண்டொன்று. துருவேறா எஃகு. மெல்லிய அலகாதலால் மரத்தில் தடையின்றி இறங்கும். துபாயில் பணிபுரியும் என் பழைய மாணவர் ஒருவர், ஊர் திரும்பும்போது வாங்கி வந்தார். கைப்பையில் வைத்தால் விமானத்தில் அனுமதியில்லை என்பதால், சரக்கில் போடும் பெட்டிக்குள் வைக்குமாறு முன்பே சொல்லியிருந்தேன்.

கத்தியைக் கொடுக்கும் முன் மகனிடம் சட்டத்தையும் சொன்னேன். 1959 ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் கீழுள்ள விதிகளில், 9 அங்குலத்துக்கு மேல் நீண்ட அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகன்ற அலகுடைய கத்திகள் ஆயுதப் பட்டியலில் வருகின்றன. வீட்டுக்கும் உழவுக்கும் தொழிலுக்கும் எனச் செய்தவற்றுக்கு அதிலும் விலக்கு உண்டு. நம் கத்தியின் அலகு 3 அங்குலம்கூட இல்லை. சட்டப்படி தவறில்லை. ஆனால் சட்டம் அனுமதிப்பது வேறு, சந்தை அறிவது வேறு. 1998 இல் எனக்கு நேர்ந்ததை முதன்முறையாக அவனிடம் சொன்னேன். அந்த முதிய காவலர் கூறியதையும் சொன்னேன். பின்னர் இருவரும் சேர்ந்து ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம்.

கத்தி திண்ணையைத் தாண்டாது. பள்ளிக்கூடத்துக்கும் மதரஸாவுக்கும் பேருந்துக்கும் போகாது. கோபம் வந்த நாளில் அதைத் தொடுவதில்லை. யாரிடம் கொடுத்தாலும் மடக்கியே கொடுப்பது. சீவும்போது கை நீட்டும் தொலைவுக்குள் யாரும் இருக்கக்கூடாது. முனையைக் கொண்டு குத்துவதோ நெம்புவதோ கிடையாது. பூட்டில்லாத கத்தி அப்போதுதான் விரலின்மீது மடங்கும். மரத்தைப் பிடிக்கும் கை எப்போதும் அலகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். பெரும் சீவலை ஒரே மூச்சில் எடுக்க முயலாமல், இடக்கைக் கட்டைவிரலால் அலகின் முதுகை மெல்ல உந்திச் சிறுசிறு சீவலாக எடுக்க வேண்டும்.

மழுங்கிய கத்தியே ஆபத்தானது என்பதையும் அவன் விரைவில் உணர்ந்தான். மழுங்கினால் அழுத்த வேண்டியிருக்கிறது, அழுத்தினால் வழுக்குகிறது. குர்பானிக் கத்தியைக் கூர்மையாகத் தீட்டிக்கொள்ளுமாறு நமக்குக் கற்பிக்கப்பட்டிருப்பது பிராணியின் வேதனையைக் குறைக்க. மரத்துக்கு வேதனை இல்லை என்றாலும் விரலுக்கு உண்டே! தீட்டுக்கல்லில் ஒரே சாய்வில் இருபுறமும் தேய்த்து, பின்னர் தோல்பட்டையில் முதுகுப் பக்கமாக இழுத்து மெருகேற்றுகிறோம். தோலுக்கு நமக்கென்ன பஞ்சம்? ஆம்பூரிலிருந்து ஓர் உறவினர் கொண்டுவந்த துண்டுத்தோலைப் பலகையில் ஒட்டி வைத்திருக்கிறேன். மூட்டில் ஒரு சொட்டுத் தையல் இயந்திர எண்ணெய். தேங்காய் எண்ணெய் போட்டால் நாளடைவில் பிசின்போல் இறுகிவிடும்.

மரத்தைப் பற்றியும் ஒரு சொல். மூங்கில் தொடக்கத்துக்கு ஏற்றதன்று. பிளந்துகொண்டே போகும், கூரையும் தின்றுவிடும். சன்னப்பட்டணத்து மரப்பொம்மைகளுக்குப் பயன்படும் வெட்பாலை மரம் வெண்மையாகவும் இழை நெருங்கியும் இருப்பதால் கத்திக்கு இணக்கமானது. காய்ந்த கட்டையைவிடச் சற்று ஈரப்பதம் உள்ள கிளை எளிது.

ஒருநாள், நம் மதரஸாச் சிறுவர்களுக்கும் இக்கைவேலையைக் கற்றுக் கொடுத்தால் என்ன என்று முத்தவல்லி அவர்களிடம் கேட்டேன். அவர் நெடுநேரம் யோசித்தார். "ஹஜ்ரத், உங்கள் நோக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் மதரஸாவுக்குள் கத்தி என்று நாளை எவராவது எழுதினால் அதற்குப் பதில் சொல்லப் போவது இந்தச் சிறுவர்கள்தாம். வேண்டாம்" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஏற்றுக்கொண்டேன். எனினும் அதனை ஏற்றுக்கொள்ள வேண்டிய காலத்தில் வாழ்கிறோமே என்ற வருத்தம் இருக்கத்தான் செய்கிறது.

கத்தி திண்ணையிலேயே இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆவுக்குப் பிறகு நானும் மகனும் அங்கே அமர்வோம். நான் அத்தாவின் கத்தியால் கலம் சீவுவேன். அவன் தன் கத்தியால் ஏதாவது செதுக்குவான். சென்ற ஆண்டு ஷவ்வால் மாதம் மதரஸா மீண்டும் திறந்தபோது, அவன் ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து என்னிடம் தந்தான். உள்ளே வெட்பாலைக் குச்சியில் சீவிய 20 சுட்டுக்குச்சிகள். அலிஃப், பே ஓதும் குழந்தைகள் எழுத்தின்மேல் வைத்துப் படிப்பதற்காக. ஒவ்வொன்றின் முனையும் பிஞ்சு விரல்களைக் குத்தாதவாறு உருட்டப்பட்டிருந்தது. பிடிக்கும் இடத்தில் ஒரு சிறு பள்ளமும் இருந்தது.

முத்தவல்லி அவர்கள் ஒரு குச்சியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கடையில் வாங்கினீர்களா?" என்று கேட்டார். நான் விடை சொன்னேன். அவர் அந்தக் குச்சியைத் தம் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "பேரனுக்கு" என்றார்.

பெற்றோர்களே! பிள்ளை கத்தி கேட்டால் அஞ்ச வேண்டாம். அவன் கேட்பது ஒரு பொருளை மட்டுமன்று, உங்கள் நம்பிக்கையையும் சேர்த்துத்தான். நல்ல கத்தியாகப் பார்த்து வாங்குங்கள். மடக்கிக் கொடுங்கள். கொடுத்துவிட்டு எழுந்து போய்விடாமல் அருகில் அமருங்கள். அருகில் அமர்ந்திருக்க நேரமில்லை என்றால், கத்தியை அவன் இன்னும் சில காலம் கேட்டுக்கொண்டே இருக்கட்டும்.

மழைக்காலம் வருகிறது. அம்மாவுக்குக் கை நடுங்குகிறது. அத்தாவின் கத்திக்கு எண்ணெய் போடும் வேலையை இந்த ஆண்டு என் மகன் ஏற்றுக்கொண்டிருக்கிறான்.